பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களை டிஜிட்டலில் போடலாமா? பின்கண்ணாடியைப் பார்த்துச் சொல்கிறேன்

நீங்கள் கேட்டது இது: பல வருடம் ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டரில் (லென்ஸின் வழியாகப் பார்க்காமல் தனிச் சாளரத்தில் பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா) படம் எடுத்துவிட்டு இப்போது ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுக்கே சென்சார் உள்ள) மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியிருக்கிறீர்கள். கையில் லைக்கா திருகு மவுண்ட் (கேமராவில் திருகி மாட்டும் இணைப்பு) லென்ஸ்கள் நான்கு இருக்கின்றன: 21 மி.மீ. சூப்பர் ஆங்குலோன் எஃப் 4 (எஃப் என்பது லென்ஸின் திறப்பின் அளவு; எண் கூடினால் திறப்பு சுருங்கும்), 35 மி.மீ. ஜூபிடர்-12, 50 மி.மீ. சும்மிட்டார், 90 மி.மீ. எல்மார் எஃப் 4. இவற்றைப் புது கேமராவில் போடலாமா, ஓரங்களில் நிறம் கெட்டுவிடும் என்கிறார்களே, பேசாமல் விற்றுவிட்டு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வாங்கிக்கொள்ளட்டுமா?

இப்போதைக்கு எதையும் விற்காதீர்கள். இந்த நான்கில் 90-உம் 50-உம் ஃபிலிமில் கொடுத்ததைவிட அதிகமாகவே டிஜிட்டலில் கொடுக்கும். 35-ஐ அளந்து பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும். உண்மையான தொல்லை 21 மட்டும்தான். அதற்கும் வழி இருக்கிறது, பொறுமை வேண்டும். லென்ஸ் வாங்கும்போது நாம் எல்லோரும் முன்கண்ணாடியைத்தான் உற்றுப் பார்ப்போம். டிஜிட்டலுக்கு வந்த பிறகு லென்ஸைத் திருப்பிப் பின்கண்ணாடியைப் பாருங்கள். அது எவ்வளவு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறதோ, பெரும்பாலும் அவ்வளவு சிக்கல்.

முதலில் மாட்டும் விஷயம். லைக்கா திருகு மவுண்ட்டில் லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை 28.8 மி.மீ. 1954-ல் லைக்காவின் எம்3 கேமராவோடு வந்த எம் மவுண்ட்டில் அது 27.8 மி.மீ. சரியாக 1 மி.மீ. வித்தியாசம், அதனால்தான் ஒரு மெல்லிய வளையத்தைத் திருகியதும் திருகு லென்ஸ் எம் லென்ஸாகிவிடுகிறது. நிக்கான் எஃப் மாதிரியான எஸ்எல்ஆர் கேமராக்களில் (லென்ஸின் வழியாகவே பார்க்க உள்ளே ஒரு மிரர் உள்ளவை) அந்த மிரர் மேலெழும்ப இடம் வேண்டுமென்று அந்தத் தூரம் 46.5 மி.மீ. ஆனது. அவ்வளவு தள்ளி வைத்தால் நம் லென்ஸ் தூரத்துக்கு ஃபோகஸே ஆகாது. டிஎஸ்எல்ஆர் காலம் முழுக்க இந்த லென்ஸ்கள் பெட்டிக்குள் கிடந்ததற்குக் காரணம் அதுதான். மிரர்லெஸ்ஸில் அந்த மிரரே இல்லை: சோனி ஈ மவுண்ட்டில் 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பிலும் எல் மவுண்ட்டிலும் 20. மீதித் தூரத்தை நிரப்ப ஒரு உலோகக் குழாய் (அடாப்டர்) போதும், உள்ளே கண்ணாடி எதுவும் தேவையில்லை. 2013-ல் சோனி ஏ7 வந்தபோது, லைக்காவின் சொந்த டிஜிட்டல் கேமராக்களுக்கு வெளியே இவை மறுபடியும் தங்கள் முழுச் சட்டத்துக்குப் படம் வரையத் தொடங்கின.

மாட்ட முடிகிறது என்பதால் ஃபிலிமில் வந்த படமே வரும் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபிலிமுக்கு ஒளி எந்தக் கோணத்தில் வந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. சாய்வாக வந்தால் மூலை கொஞ்சம் இருட்டாகும், அவ்வளவுதான். சென்சாரின் அமைப்பு வேறு. ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு நிற வடிகட்டி, அதன் மேல் ஒரு நுண்ணிய லென்ஸ், இவை எல்லாவற்றுக்கும் மேலே அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடி அடுக்கு. நேராக வரும் ஒளிக்காகச் செய்த ஏற்பாடு இது. மிகவும் சாய்வாக வரும் ஒளி தன் பிக்சலைத் தாண்டிப் பக்கத்துப் பிக்சலுக்குள் வழிகிறது. ஓரத்தில் தெரியும் அந்தக் கருஞ்சிவப்பு, பச்சைச் சாயலில் பெரும் பங்கு இதனுடையது. அப்புறம், மேலே இருக்கும் கண்ணாடி வழியாகச் சாய்வாகப் போகும் கதிர்கள் விலகுவதால் ஃபோகஸ் ஆகும் இடமும் மாறிவிடுகிறது. நடு கூர்மையாக இருக்கும்போது மூலையில் இலைகள் இழுத்துத் தேய்த்தது போலத் தெரிவது இதனால். இரண்டும் வேறு வேறு கோளாறுகள். நிறத்தைப் பின்னால் சரிசெய்யலாம். தேய்ந்துபோன மூலையைக் கணினியில் மீட்க முடியாது.

கோணம் எவ்வளவு என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபுல் ஃபிரேமின் நடுவிலிருந்து மூலைக்கு 21.6 மி.மீ. கதிர்கள் புறப்படும் இடம் ஏறக்குறைய குவியத்தூரத்தின் (லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மி.மீ. அளவு) அளவுக்கே பின்னால் தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 90 மி.மீ. லென்ஸில் மூலைக்கு வரும் கதிரின் சாய்வு 13 டிகிரிதான். 50-ல் 23 டிகிரி. 21-ல் 45 டிகிரிக்கும் மேல். எஸ்எல்ஆருக்குச் செய்த 21 மி.மீ. லென்ஸ் இந்தத் தொல்லையைக் கொடுக்காது. மிரருக்கு இடம் விட வேண்டியிருந்ததால் அதன் கதிர்களைத் தொலைவிலிருந்து அனுப்பும்படிதான் வடிவமைத்தார்கள். சூப்பர் ஆங்குலோனைச் செய்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே மாதிரியான சமச்சீர் வடிவம், ஃபிலிமை ஒட்டியே பின்கண்ணாடி. அதனால்தான் அது அவ்வளவு சின்னதாக இருந்தும் நேர்கோடுகளை அவ்வளவு நேராக வரைந்தது. ஃபிலிமில் அதன் பலமாக இருந்தது சென்சாரின் முன்னால் பலவீனமாகிவிட்டது. லென்ஸின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

லைக்காவே இந்தச் சங்கடத்தில் மாட்டியிருக்கிறது. 2006-ல் வந்த எம்8-ல் இந்தச் சாய்வுக் கதிர்களுக்காகச் சென்சாரின் மேல் கண்ணாடியை மிக மெல்லியதாக வைத்தார்கள், ஓரத்துப் பிக்சல்களின் நுண்லென்ஸ்களையும் நகர்த்தி வைத்தார்கள். மூலைகள் நன்றாக வந்தன. மெல்லிய கண்ணாடி அகச்சிவப்பைச் சரியாகத் தடுக்கவில்லை. செயற்கை இழைக் கறுப்புத் துணிகள் படத்தில் ஊதா கலந்த பழுப்பாக வந்தன. கடைசியில் லென்ஸின் முன்னால் போட்டுக்கொள்ளும் வடிகட்டிகளை வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. கண்ணாடி தடித்தால் மூலை போகும், மெலிந்தால் நிறம் போகும் என்ற இழுபறி அன்றிலிருந்து தொடர்கிறது. 2009-ல் வந்த ஃபுல் ஃபிரேம் எம்9-ல் அந்தக் கண்ணாடியின் தடிமன் சுமார் 0.8 மி.மீ. சோனி ஏ7 வரிசையில் இது ஏறக்குறைய 2 மி.மீ.; நிக்கான் இசட் வரிசையில் அதைவிட மெல்லியது. ஒரே 35 மி.மீ. லென்ஸ் ஒருவருக்கு நன்றாகவும் இன்னொருவருக்கு மோசமாகவும் வருவதில் பாதிக் காரணம் இந்த ஒரு மில்லிமீட்டர்தான். யாராவது ஒரு லென்ஸைப் புகழ்ந்தாலோ திட்டினாலோ, எந்த கேமராவில் என்று முதலில் கேளுங்கள்.

சரி, உங்கள் லென்ஸ்களுக்கு வருவோம்.

90 மி.மீ. எல்மாரிலிருந்து தொடங்குங்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் இதை அதிகம் பயன்படுத்தியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், யாருமே பயன்படுத்துவதில்லை. பார்வைச் சாளரத்தின் நடுவில் ஒரு சின்னச் சதுரமாகத்தான் அதன் சட்டம் தெரியும். திருகு மவுண்ட் கேமராவென்றால் தனியாக ஒரு வியூஃபைண்டரையே மாட்ட வேண்டும். மிரர்லெஸ்ஸில் அதே 90 திரை முழுக்க விரிகிறது. நாலே கண்ணாடிகள் கொண்ட எளிய லென்ஸ், எஃப் 5.6-ல் முடியிழை வரை பிரித்துக் காட்டும், காண்ட்ராஸ்ட் மென்மையாக இருக்கும். முகங்களுக்கு இதைவிட இதமான லென்ஸ் என்னிடம் இல்லை. மூலைப் பிரச்சினையும் கிடையாது.

சும்மிட்டார் குணம் நிறைந்த லென்ஸ். 1939-லிருந்து 1953-ல் சும்மிக்ரோன் வரும் வரை செய்தார்கள். எஃப் 2-ல் நடு கூர்மை, ஓரம் கலைந்து, பின்னணி ஒரு சுழியாகச் சுற்றும். எஃப் 5.6-ல் ஒழுங்கான சாதாரண லென்ஸாகிவிடும். இதில் இரண்டு கவனம் வேண்டும். முதலாவது, இதன் குழாய் உள்ளே மடங்கும். டிஜிட்டல் கேமராவில் மாட்டியிருக்கும்போது ஒருக்காலும் மடக்காதீர்கள். உள்ளே போகும் குழாய் ஷட்டரில் இடிக்கலாம். வெளியே இழுத்துத் திருகிப் பூட்டிய பிறகு மாட்டுங்கள், கழற்றிய பிறகு மடக்குங்கள். இரண்டாவது, கோட்டிங், அதாவது கண்ணாடி ஒளியைத் திருப்பி அனுப்பாமல் இருக்கப் போடும் பூச்சு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தையவற்றில் கோட்டிங் கிடையாது. பின்னால் வந்தவற்றில் இருப்பதும் எளிதில் கீறும் மென்மையான பூச்சு. கோட்டிங் இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 முதல் 5 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்பும். அந்த ஒளி லென்ஸுக்குள்ளேயே அலைந்து கடைசியில் நிழல்களின் மேல் ஒரு வெளிறிய படலமாக விழும். இங்கே டிஜிட்டல் உங்கள் பக்கம். ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமித்த கோப்பு) கறுப்புப் புள்ளியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் அந்தப் படலத்தில் பெரும்பகுதி போய்விடும். இருட்டறையில் கடினமான தாள் தேடி அலைந்தது போல அலைய வேண்டாம். ஆனால் ஹுட் (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு) போடுங்கள். ஜன்னல் ஒளி பக்கவாட்டிலிருந்து லென்ஸில் நேராக விழும்போது, கையாலாவது மறையுங்கள். மறைக்கும்போதே திரையில் கறுப்பு ஆழமாவது கண்ணுக்குத் தெரியும்.

ஜூபிடர்-12 பழைய ஜைஸ் பயோகான் வடிவத்தின் வழியில் வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பெரிய கோலிக்குண்டு போலப் பின்கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும், பாதுகாக்க ஒரு விளிம்புகூடக் கிடையாது. சில கேமராக்களில் இது சிக்கலின்றி உள்ளே போகும், சிலவற்றில் உள்சுவரில் தட்டும். அளக்கும் முறை இதுதான்: ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவில்) வையுங்கள், அப்போதுதான் லென்ஸ் மிக உள்ளே இருக்கும். திருகு முடிந்து லென்ஸ் உட்காரும் தோளிலிருந்து பின்கண்ணாடியின் உச்சி வரை அளந்து, அதை 28.8-லிருந்து கழியுங்கள். மிஞ்சுவதுதான் சென்சாருக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள இடைவெளி. சென்சாருக்குச் சில மில்லிமீட்டர் முன்னாலேயே ஷட்டர் ஓடுகிறது, அதற்கும் முன்னால் ஒரு செவ்வகச் சட்டம் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். அளக்கும்போது உலோக முனை கண்ணாடியில் படக் கூடாது; ஒரு அட்டைத் துண்டை வெட்டி வைத்து அளந்தால் போதும். என் கேமராவில் முதல் தடவை மாட்டியபோது அடாப்டரைக் கால் சுற்று திருப்பும்போதே மெதுவாக உரசும் சத்தம் கேட்டது. அங்கேயே நிறுத்திக் கழற்றிவிட்டேன். நல்ல காலம், உரசியது உள்ளே இருந்த பிளாஸ்டிக் மறைப்பில். கண்ணாடியில் உரசியிருந்தால் லென்ஸும் போயிருக்கும், ஷட்டரும் போயிருக்கும். இடைவெளி சந்தேகமாக இருந்தால் மாட்டவே வேண்டாம்.

இந்த ஜூபிடர் வரிசைக்கு மிரர்லெஸ் செய்திருக்கும் ஒரு நல்லதைச் சொல்ல வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா லென்ஸின் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸின் பின்னால் இருக்கும் உலோக விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்பதை வைத்துத் தூரத்தை ஊகிக்கிறது. அந்த விளிம்பும் கண்ணாடியும் கொஞ்சம் ஒத்துப்போகாவிட்டாலும் ஃபோகஸ் தவறும். சோவியத் லென்ஸ்களை லைக்காவில் போட்டவர்கள் ஜூபிடர்-3, ஜூபிடர்-8 இரண்டிலும் கிட்டத்தில் எடுத்த முகங்களில் கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக வந்ததைப் பார்த்திருப்பார்கள். ‘லென்ஸ் மோசம்’ என்று ஒதுக்கினார்கள். மிரர்லெஸ்ஸில் சென்சாரில் விழும் படத்தையே பார்த்து ஃபோகஸ் செய்கிறோம், அந்த உலோக விளிம்புக்கு வேலையே இல்லை. அதே லென்ஸ், அதே கண்ணாடி, இப்போது கூர்மை. இந்த ஜூபிடர்-3, ஜூபிடர்-8 போன்ற சோனார் வடிவ லென்ஸ்களில் அபெர்ச்சரை (லென்ஸின் திறப்பை) குறைக்கும்போது ஃபோகஸ் பின்னால் நகரும் குணம் உண்டு; எந்த அபெர்ச்சரில் எடுக்கப் போகிறீர்களோ அதே அபெர்ச்சரில் வைத்து ஃபோகஸ் செய்தால் அதுவும் தீர்ந்தது.

ஃபோகஸ் செய்ய, ஓரங்களை நிறத்தால் காட்டும் பீக்கிங்கை நம்பி இருக்காதீர்கள். பழைய லென்ஸ் முழுத் திறப்பில் ஒரு மெல்லிய ஒளிவட்டத்தோடு வரையும். பீக்கிங் அங்கேயும் இங்கேயும் மினுங்கும், எது உண்மை என்று தெரியாது. பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பட்டனை அதற்கென ஒதுக்கிவிடுங்கள், அழுத்தியதும் கண் இமை திரை முழுக்க வர வேண்டும். வளையத்தை மெதுவாகத் திருப்பும்போது இமைமுடிகள் புகையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள், சரியான இடம் கைக்குத் தெரிந்துவிடும். இரண்டு வாரத்தில் பழகிவிடும். ஓடும் குழந்தைகளுக்கு இது ஒத்துவராது; அதற்கு ஒரு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் தனியாக இருக்கட்டும்.

அடாப்டரில் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். பெரும்பாலான அடாப்டர்களை இன்ஃபினிட்டி நிச்சயம் கிடைக்க வேண்டுமென்று கொஞ்சம் குட்டையாகவே செய்கிறார்கள். 90-ல் இது ஒரு பொருட்டே இல்லை. அகல லென்ஸில் நிலைமை வேறு. அடாப்டர் 0.1 மி.மீ. குட்டையாக இருந்தால் 50 மி.மீ. லென்ஸின் வளையம் 25 மீட்டரைக் காட்டும்போதே அது இன்ஃபினிட்டியில் நிற்கும், 21 மி.மீ. லென்ஸில் 4.4 மீட்டரைக் காட்டும்போதே! ஃபிலிமில் செய்தது போல வளையத்தின் அளவுகளை நம்பித் தூரத்தை வைத்துக்கொண்டு எடுத்தால் படம் முழுக்கத் தவறும். மாட்டியதும் அடாப்டர் ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் கூர்மை குறையும், நீங்கள் லென்ஸைச் சந்தேகிப்பீர்கள்.

ஃபோகஸ் குழாய் உள்ள அடாப்டர் ஒன்று வாங்கினால் இன்னொரு லாபம். திருகு மவுண்ட் லென்ஸ்கள் பெரும்பாலும் 1 மீட்டருக்குக் கிட்டே வராது. அந்த அடாப்டர் லென்ஸை இன்னும் 4 மி.மீ. முன்னால் தள்ளினால் உங்கள் சும்மிட்டார் அரை மீட்டருக்குள் வந்துவிடும். ஒரு பூவையோ கையையோ அந்தத் தூரத்தில் எஃப் 2-ல் எடுத்துப் பாருங்கள். அந்த லென்ஸைச் செய்தவர்களே அப்படி ஒரு படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி 21. ஓரத்து நிறத்துக்கு ஃபிளாட் ஃபீல்டு முறைதான் மருந்து. பால்வெள்ளை நிறமுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டை லென்ஸின் முன்னால் ஒட்டிப் பிடித்து, சீரான வெளிச்சத்தைப் பார்த்து, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி ஒரு படம் எடுங்கள். அந்த லென்ஸ் அந்தச் சென்சாரில் போடும் நிறக்கறையும் இருட்டும் அப்படியே பதிவாகியிருக்கும். லைட்ரூம் மாதிரியான மென்பொருள்களில் இந்தப் படத்தைக் கொடுத்தால் மற்றப் படங்களிலிருந்து அந்தக் கறையைக் கழித்துவிடும். எஃப் 5.6, 8, 11 ஒவ்வொன்றுக்கும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாயங்காலத்து வேலை. பின்பக்க ஒளியேற்பு (பிஎஸ்ஐ) வகைச் சென்சார் உள்ள கேமராவென்றால் நிறக்கறை கணிசமாகக் குறைவாகவே இருக்கும். தேய்ந்த மூலைகளுக்கு எஃப் 8, எஃப் 11 வரை போங்கள், ஃபோகஸை நடுவில் வைக்காமல் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றினால் நிறக்கறை என்ற பேச்சே இல்லை. நான் என் அகலமான லென்ஸை இப்போது கறுப்பு வெள்ளைக்கு மட்டும்தான் எடுக்கிறேன். மூலை இருள்வது அங்கே எனக்குப் பிடித்தே இருக்கிறது. இவ்வளவும் செய்தும் நிறப் படம்தான் வேண்டும், மூலை வரை கூர்மையும் வேண்டும் என்றால் டிஜிட்டலுக்கென்று செய்த லென்ஸ்தான் வழி. ஃபோக்ட்லேண்டர் பெயரில் கோசினா நிறுவனம் 1999-ல் கொண்டுவந்த 15 மி.மீ. ஹெலியாரை, இதே காரணத்துக்காக 2015-ல் முழுதாக மாற்றி வடிவமைத்தார்கள். புதியது நீளமும் எடையும் கூடியது. பின்கண்ணாடி சென்சாரிலிருந்து விலகி நிற்கிறது.

இன்னொரு வேலை, நான்கையும் மாட்டுவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள். அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, இருட்டு அறையில் லென்ஸின் பின்னாலிருந்து போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், அதனால் ஒன்றும் ஆகாது. வேர் விட்டது போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. அபெர்ச்சர் இதழ்களுக்கு இரு பக்கமும் உள்ள கண்ணாடிகளில் மூச்சுக்காற்றுப் பட்டது போல ஒரு சாம்பல் படலம் தெரிந்தால், அது உள்ளே இருக்கும் மசகின் ஆவி படிந்தது. இந்த வயதுள்ள லென்ஸ்களில் மிகவும் சகஜம். சீக்கிரம் சுத்தம் செய்தால் போய்விடும், விட்டுவிட்டால் கண்ணாடியையே அரித்துவிடலாம். கேனானின் திருகு மவுண்ட் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்களில் பலவற்றுக்கு அந்தக் கதி நேர்ந்திருக்கிறது. ஒரு தடவை எனக்கு வந்த 50 மி.மீ. லென்ஸ் எல்லாப் படத்தையும் பால் ஊற்றியது போலக் காட்டியது, பழைய லென்ஸின் இயல்பு என்று நினைத்து ஒரு வருடம் அப்படியே எடுத்தேன். டார்ச் அடித்துப் பார்த்த அன்றுதான் உண்மை தெரிந்தது. சுத்தம் செய்து வந்த பிறகு அது வேறு லென்ஸ். சும்மிட்டாரின் முன்கண்ணாடியைத் துணியால் தேய்க்க வேண்டாம், அந்தக் கண்ணாடியும் பூச்சும் அவ்வளவு மென்மையானவை.

கேமராவில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்கு’ என்பதை அனுமதியுங்கள், இல்லாவிட்டால் பட்டன் வேலையே செய்யாது. நடுக்கம் தடுக்கும் வசதி சென்சாரிலேயே இருந்தால் லென்ஸின் குவியத்தூரத்தை நீங்களே கொடுக்க வேண்டும். 90-ஐப் போட்டுவிட்டு 21 என்று விட்டுவைத்தால் அது சரியாக ஈடுகட்டாது. அபெர்ச்சர் பிரையாரிட்டியில் (திறப்பை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தை கேமரா வைக்கும் முறை) எடுங்கள். வேகமான ஷட்டரில் படத்தின் மேலோ கீழோ ஒரு பட்டையாக வெளிச்சம் மாறினால், மின்னணு முன்திரையை (ஷட்டரின் முதல் திரையின் வேலையைச் சென்சாரே செய்யும் வசதி) அணைத்துவிட்டு முழு மெக்கானிக்கல் ஷட்டருக்குப் போங்கள்.

முதல் நாள் எல்மாரை மட்டும் மாட்டி, ஜன்னல் அருகே ஒருவரை உட்காரவைத்து எஃப் 5.6-ல் எடுங்கள். அப்புறம் சும்மிட்டார். ஜூபிடரை அளந்துவிட்டு, கேமரா எந்த மாடல், இடைவெளி எவ்வளவு மிஞ்சியது என்று எழுதுங்கள். மாட்டலாமா என்று சேர்ந்து பார்ப்போம்.